கோர்ட் உறை வந்துவிட்டதா? சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு திவால் வழக்குக்கு வக்கீல் பிடிப்பதும் பணம் கட்டுவதும்

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. பக்கத்துக்கு 20 சென். நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அசலை என் பக்கம் திருப்பி, "தம்பி, இது என்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்பார்கள். பள்ளிக்கூடக் கடிதம், தண்ணி பில், நிலவரி எல்லாம் வரும். எப்போதாவது கோர்ட் முத்திரை போட்ட தடித்த உறையும் வரும். அதைக் கொண்டுவருகிறவர்கள் மட்டும் கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள்.

அவர்களுக்காகத்தான் இது. நான் வக்கீல் இல்லை. என் சித்தப்பா ஒருவரின் லோரிக் கடனுக்குக் கேரண்டராக, அதாவது ஜாமீனாக, கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டபோது ஈப்போவுக்கும் இங்கேயுமாக அலைந்ததில் கற்றது கொஞ்சம், கடைக்கு வந்த காகிதங்களைப் படித்துக் கற்றது கொஞ்சம். உங்கள் வழக்குக்கு என்ன செய்யலாம் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். அந்த வக்கீலை எப்படிப் பிடிப்பது, அவரிடம் என்ன கேட்பது, பணத்தை எப்படிக் கட்டுவது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் தேதியைக் குறியுங்கள்

உறை கைக்கு வந்த நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். யார் வாங்கினார்கள், எத்தனை மணிக்கு, எங்கே வைத்து என்பதையும் எழுதுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "எப்ப கெடச்சிச்சு?" என்பதாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்த வேலையில் எல்லாமே நாள் கணக்கு.

அடுத்து, உள்ளே இருப்பது எந்தக் காகிதம் என்று பாருங்கள். மலாய்த் தலைப்பைப் படித்தாலே போதும்.

"ரிட் சமான்" என்று இருந்தால் வழக்கு இப்போதுதான் ஆரம்பம். கடன் கொடுத்தவர் உங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார், இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. 14 நாட்களுக்குள் வக்கீல் மூலமோ நீங்களாகவோ ஆஜர் பத்திரம் கொடுக்காவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். "கோர்ட்டுக்குப் போனாத்தானே பிரச்சனை" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

"பெங்ஹாகிமான்" என்றால் தீர்ப்பு. நீங்கள் ஆஜராகாததால் வந்த தீர்ப்பாக இருந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. நியாயமான காரணம் வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் காரணம் ஆகாது.

"நோட்டிஸ் கெபங்க்ராப்பான்" என்றால் திவால் நோட்டீஸ். அது கையில் கிடைத்ததிலிருந்து 7 நாள்தான் கணக்கு. அதற்குள் கட்ட வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும், அல்லது கோர்ட்டில் எதிர்க்க வேண்டும். தொகையைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் அதையும் அந்த 7 நாட்களுக்குள்ளேயே எழுத்தில் சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் எடுபடாது. சனிக்கிழமை கிடைத்தது, திங்கள்கிழமை தைப்பூசம், அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால் நாட்கள் கையை விட்டுப் போய்விடும்.

"பெட்டிஷென் பெமியூத்தாங்" என்றால் அந்த 7 நாள் தாண்டிவிட்டது, கடன் கொடுத்தவர் மனுப் போட்டுவிட்டார். இதைப் போட அவருக்கு 6 மாதம் அவகாசம் உண்டு, ஆகவே நோட்டீசுக்குப் பிறகு நாலு மாதம் சத்தமே இல்லாவிட்டாலும் விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

"பெரிந்தா கெபங்க்ராப்பான்" என்றால் உத்தரவு ஆகிவிட்டது, நீங்கள் திவால். இதற்கு மேல் செய்வதே வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே எங்கள் மாதிரி தோட்டத்து ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மைகாட்டில் இன்னும் லயத்து முகவரிதான் இருக்கும். தோட்டத்தை வீடமைப்புக்காரனுக்கு விற்று, லயத்தை இடித்து, நாம் தாமானுக்குக் குடிவந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். நேரில் கொடுக்க ஆள் கிடைக்காவிட்டால், கடன் கொடுத்தவர் கோர்ட்டில் அனுமதி வாங்கி, கடைசியாகத் தெரிந்த முகவரியில் ஒட்டியும் பத்திரிகையில் போட்டும் "கொடுத்தாயிற்று" என்று காட்டிவிட முடியும். சித்தப்பாவின் நோட்டீசை ஆளில்லாத லயத்துக் கதவில்தான் ஒட்டியிருந்தார்கள். அங்கே இன்னும் மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்து, கிழித்துச் சுருட்டி, மோட்டாரில் வைத்து, மூன்று வாரம் கழித்து மாரியம்மன் கோயிலில் பார்த்தபோது கொடுத்தார். மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்திருந்தது. இன்னும் பழைய முகவரியே இருந்தால் பதிவு இலாகாவில் மாற்றிவிடுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கடனுக்குத் திவால் ஆக்க முடியும்

ஒரு லட்சம் வெள்ளி. கடன் 100,000 வெள்ளிக்குக் குறைவு என்றால் திவால் மனுப் போட முடியாது. முன்பு 30,000 வெள்ளியாக இருந்தது, 2017 அக்டோபரில் 50,000 ஆனது, கோவிட் காலத்தில் தற்காலிகமாக ஒரு லட்சமாக்கி, 2021 செப்டம்பரில் அதையே நிரந்தரமாக்கினார்கள். ஆகவே 18,000 வெள்ளி கிரெடிட் கார்டு பாக்கிக்கு "உன்னைத் திவால் ஆக்கிடுவோம்" என்று போனில் கத்துகிற வசூல்காரரைக் கண்டு பயந்து திவால் வக்கீலைத் தேடாதீர்கள். அவர்களால் வேறு செய்ய முடியும்: தீர்ப்பு வாங்கிச் சாமான் ஜப்தி செய்யலாம், வங்கிக் கணக்கை முடக்கலாம், உங்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு வருமானம் விசாரித்துத் தவணை போடச் சொல்லலாம். அதற்கும் வக்கீல் உதவுவார், ஆனால் அது சின்ன வேலை, சின்ன ஃபீஸ். பெரிய வேலைக்கான ஃபீசைக் கட்டிவிடாதீர்கள்.

கேரண்டர் கையெழுத்துப் போட்டவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2017-இல் வந்த திருத்தத்தில், லாபம் எதுவும் இல்லாமல் ஒருவரின் படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்கோ, குடியிருக்க வாங்கிய வீட்டுக்கோ கேரண்டர் நின்றவர் மேல் திவால் வழக்கே போடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அக்கா மகன் யுனிவர்சிட்டி போகக் கையெழுத்துப் போட்டீர்களா, மச்சான் மைவி வாங்கப் போட்டீர்களா, நீங்கள் இந்த வகைதான். வியாபாரக் கடனுக்குப் போட்டவருக்கு அந்தக் காப்பு இல்லை. என்றாலும் கடன் வாங்கியவரிடம் வசூலிக்க எல்லா வழியையும் பார்த்து முடித்துவிட்டு, கோர்ட் அனுமதியும் வாங்கின பிறகுதான் கேரண்டர் மேல் வர முடியும். சித்தப்பா போட்ட கையெழுத்து செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு, அதாவது வியாபாரம். லோரியின் சொந்தக்காரர் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது.

வக்கீலுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம்

இன்னும் திவால் உத்தரவு ஆகவில்லை, கடன் வங்கிக் கடன், மாதச் சம்பளம் வருகிறது என்றால் முதலில் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பித்த கடன் ஆலோசனை நிறுவனம், ஈப்போவிலும் கிளை இருக்கிறது. ஒரு காசு வாங்க மாட்டார்கள். வரவு செலவைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக மாற்றித் தரப் பார்ப்பார்கள். சம்பளச் சீட்டு, கடன் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மனு விசாரணைத் தேதி வரை போய்விட்ட வழக்கை ஏகேபிகேயை மட்டும் நம்பி விடக் கூடாது, அப்போது வக்கீலும் வேண்டும்.

பல இடத்தில் கடன், ஆனால் சொத்தோ வருமானமோ ஓரளவு இருக்கிறது என்றால், திவால் ஆவதற்கு முன்பே கடன் கொடுத்தவர்கள் எல்லோரிடமும் ஒரு திட்டத்தை வைத்து ஒத்துக்கொள்ளச் சொல்ல சட்டத்திலேயே வழி இருக்கிறது. கணக்காளர் அல்லது வக்கீல் ஒருவர் நடுவில் நின்று நடத்துவார். அந்தக் காலத்துக்கு, 90 நாள், யாரும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்காதபடி கோர்ட் தடை உத்தரவு தரும். கடன் தொகையில் முக்கால் பங்குக்காரர்கள் ஒத்துக்கொண்டால் நடக்கும். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு இது அதிகம் பொருந்தாது, ஆனால் சின்ன குத்தகைக்காரர், லோரி வைத்திருக்கிறவர், கடை வைத்திருக்கிறவர் எல்லாம் வக்கீலிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். அவராகச் சொல்ல மாட்டார் என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்டால் நல்லது.

ஆலோங்கிடம், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரனிடம், வாங்கிய கடன் என்றால் இந்தக் கட்டுரை உதவாது. அது போலீஸ் விவகாரம். லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை என்றால், அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 சதவீதம், அடமானத்தோடு 12 சதவீதம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.

வக்கீலை எங்கே தேடுவது

திவால் வழக்கு நடப்பது உயர் நீதிமன்றத்தில். காகிதத்தின் மேலேயே "மக்காமா திங்கி மலாயா டி ஈப்போ" என்றோ தைப்பிங் என்றோ இருக்கும். அந்த ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள். ஈப்போ கோர்ட் இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வெள்ளைக் கட்டடம். அங்கே அடிக்கடி ஏறி இறங்குகிற வக்கீலுக்கும், நம் ஊரில் வீட்டு ஒப்பந்தமும் கார் விபத்துக் கேசும் மட்டும் பார்க்கிற வக்கீலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர் வக்கீல் நல்லவர்தான், தமிழில் பேசுவார், கோயில் தலைவரும் அவரைத்தான் சொல்வார். இருக்கட்டும். "திவால் கேஸ் பார்ப்பீங்களா, கடைசியா எப்ப பார்த்தீங்க" என்று கேளுங்கள். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார், தனக்குப் பழக்கம் இல்லை என்றால் பழக்கமுள்ள இன்னொருவர் பெயரைச் சொல்வார்.

பெயர் கிடைத்ததும் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒவ்வொரு வருஷமும் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பித்தால்தான் வக்கீலாக இருக்க முடியும், அதைப் புதுப்பித்தவர்கள் பெயர் அங்கே இருக்கும், எந்த ஆபீஸ், எந்த ஊர் என்பதும் இருக்கும். கார்டில் "லீகல் கன்சல்டன்ட்" என்று போட்டிருப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அவர் வக்கீல் இல்லை. கார்டு எவ்வளவு மினுமினுத்தாலும் சரி.

காசே இல்லை என்கிற நிலையா? இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா, ஜபாத்தான் பந்துவான் குவாமான். இன்னொன்று வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையம், பேராவுக்கு ஈப்போவில் இருக்கிறது. இரண்டிலும் வருமானம் பார்ப்பார்கள், எல்லா வகை வழக்கையும் எடுக்க மாட்டார்கள். உங்கள் காகிதத்தைக் காட்டி, "இதை எடுப்பீங்களா, இல்லாட்டி ஆலோசனை மட்டுமாவது தருவீங்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் எடுக்காவிட்டாலும் உங்கள் காகிதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும், அதுவே பாதி நிம்மதி.

இப்போது சித்தப்பா செய்த தப்பைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் மேல் ஒரு வக்கீல் ஆபீசின் பெயரும் போன் நம்பரும் இருந்தது. அவர் அந்த நம்பருக்கே போன் போட்டார். அங்கே ஒரு பெண் மரியாதையாக, தமிழிலேயே பேசி, "ஐயா, மாசம் இவ்வளவு கட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பாவும் நாலு மாதம் கட்டினார். ஊரெல்லாம் "என் லாயர் பார்த்துக்குறாங்க" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய வக்கீல் இல்லை, வங்கியின் வக்கீல். அவர்கள் பொய் சொல்லவில்லை, கட்டச் சொன்னார்கள், கட்டியது கணக்கில் ஏறியது. ஆனால் வழக்கை நிறுத்துகிறோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. கடிதத்தில் பெயர் இருக்கிற வக்கீல் எதிர்த்தரப்பு. அவரோடு பேசலாம், ஒப்பந்தம் போடலாம், ஆனால் எழுத்தில்.

இதிலிருந்தே வருகிற இன்னொரு விஷயம்: நம் மாதிரி சின்ன ஊர்களில் இருக்கும் நாலைந்து வக்கீல் ஆபீசில் ஒன்றோ இரண்டோ வங்கிகளுக்கும் வேலை செய்யும். கதையைச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, எந்த வங்கி என்று சொல்லி, "நீங்க அவங்களுக்கும் பார்க்குறீங்களா" என்று கேட்டுவிடுங்கள்.

முதல் சந்திப்பு

போன் போடும்போதே, முதல் தடவை பேசுவதற்குக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்று கேளுங்கள். சிலர் வாங்குவதில்லை, சிலர் வாங்குவார்கள், இரண்டும் தப்பில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: உறையோடு எல்லாக் கோர்ட் காகிதங்களும், கடன் ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், வங்கி அனுப்பிய கடிதங்கள், மைகாட், சம்பளச் சீட்டு, வீடு நிலம் இருந்தால் கிராந் (நிலப் பட்டா), கார் இருந்தால் அதன் விவரம். தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கசக்கிக் கொண்டுபோய் வக்கீல் மேசையில் கொட்டினால் அதை அடுக்குகிற நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கட்டப் போகிறீர்கள். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: கடன் எப்போது, எவ்வளவு, எப்போது நின்றது, ஏன். ஒரு பக்கம் போதும்.

மலாய் சரளமாக வராதவர்கள், படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பெயரில் தயாராகும் சத்தியப் பத்திரம் மலாயில் இருக்கும். அதை வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், இந்த வம்பே விளங்காமல் போட்ட கையெழுத்தால்தானே வந்தது.

வக்கீலிடம் ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: சொத்து. மகன் பெயருக்குப் போன மாதம் மாற்றிய வீடு, மனைவி பெயரில் இருக்கும் ஃபிக்ஸட், எல்லாம். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும், அப்போது உங்கள் வக்கீல் கோர்ட்டில் விழித்துக்கொண்டு நிற்பார்.

பணம்

வீடு வாங்குவது விற்பது மாதிரி வேலைகளுக்கு வக்கீல் ஃபீஸ் அரசாங்க அட்டவணைப்படி. கோர்ட் வழக்குக்கு அப்படி அட்டவணை கிடையாது, பேசி முடிப்பதுதான். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஆனால் "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரு இடத்தில் சொன்னதையும் இன்னொரு இடத்தில் சொன்னதையும் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் ஒருவர் நோட்டீசை எதிர்ப்பதற்கு மட்டும் சொல்லியிருப்பார், இன்னொருவர் மனு விசாரணை முடியும்வரை சொல்லியிருப்பார். இப்படிக் கேளுங்கள்: நோட்டீசை எதிர்க்க எவ்வளவு, அது முடியாமல் மனுவுக்குப் போனால் மேற்கொண்டு எவ்வளவு, வங்கியோடு பேசி ஒப்பந்தம் போட மட்டும் எவ்வளவு, மேல்முறையீடு இதில் சேர்ந்ததா, ஒவ்வொரு தடவை கோர்ட்டுக்குப் போவதற்கும் தனியாகவா. இப்போது பல தேதிகளை ஆன்லைனிலேயே முடித்துவிடுகிறார்கள், ஆகவே போக்குவரத்துச் செலவு என்று ஒவ்வொரு தேதிக்கும் போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

ஃபீஸ் வேறு, செலவு வேறு. கோர்ட்டில் பதிவு செய்யும் கட்டணம், சத்தியப் பத்திரத்தில் சத்தியம் வாங்கி முத்திரை போடும் பெசுருஜெயா சும்பாவிடம் கட்டுவது, நகல், தேடல் எல்லாம் செலவுக் கணக்கில் தனியாக வரும். அதற்கு மேல், வரிப் பதிவு உள்ள ஆபீஸ் என்றால் ஃபீசுக்கு 8 சதவீதம் சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து. கணக்குக்குச் சொல்கிறேன், ஃபீஸ் 3,000 வெள்ளி என்று பேசியிருந்தால் வரி 240, ஆக 3,240, அதன்மேல் செலவு. பேசும்போதே "வரி சேர்த்தா சேர்க்காமலா" என்று கேட்டுவிட்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸ் லெட்டர்ஹெட்டில், என்ன வேலை, எவ்வளவு, எப்போது எப்போது கட்ட வேண்டும் என்று. கொடுக்கத் தயங்குகிற இடத்தில் நான் கட்ட மாட்டேன். சித்தப்பாவுக்குக் கடைசியில் கிடைத்த வக்கீல் ஒரே தாளில் நாலு வரியில் எழுதிக் கொடுத்தார்: இன்ன வேலைக்கு இவ்வளவு, மூன்று தவணை, முதல் தவணை கையெழுத்தன்று, இரண்டாவது பத்திரம் பதிவு செய்யும்போது, மூன்றாவது விசாரணைக்கு முன்னால். அந்தத் தாளை நாங்கள் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தோம், சம்பள நாளில் சித்தி கண்ணில் படட்டும் என்று.

தவணை கேட்க வெட்கப்படாதீர்கள். வேலையின் கட்டத்துக்குக் கட்டம் கட்டுகிறேன் என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் "ஜெயிச்சா இத்தனை சதவீதம் தர்றேன்" என்று பேசக் கூடாது, இந்த நாட்டில் வக்கீல் அப்படி வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. அப்படிப் பேசுகிறவர் வக்கீலா என்று ஒரு தடவை பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் விதம்: ஆபீஸ் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், விவரத்தில் உங்கள் பெயரையும் வழக்கு எண்ணையும் போடுங்கள். கிராணியின் சொந்தக் கணக்குக்கோ, தச் என் கோவுக்கோ அனுப்பாதீர்கள். காசாகக் கொடுத்தால் அங்கேயே ரசீது. "அப்புறம் போஸ்ட்ல அனுப்புறோம்" என்றால், "பரவாயில்ல, இருந்து வாங்கிக்கிட்டுப் போறேன்" என்று உட்கார்ந்துவிடுங்கள். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய செட்டில்மென்ட் பணம் வக்கீல் கை வழியாகப் போவதாக இருந்தால், அது கட்சிக்காரர் பணத்துக்கென்று ஆபீஸ் தனியாக வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும், அவர்கள் ஃபீஸ் கணக்குக்கு இல்லை. இந்த இரண்டு கணக்கையும் கலக்கக் கூடாது என்று வக்கீல்களுக்கு விதியே இருக்கிறது.

பில் அநியாயமாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் விவரம் கேளுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் பில்லைக் கோர்ட் மதிப்பிடும்படி கேட்க வழி உண்டு, நடத்தை சரியில்லை என்றால் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியம் இருக்கிறது. வக்கீலை மாற்றலாம், ஆனால் பாக்கி இருந்தால் பழையவர் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்வார், விசாரணைத் தேதியை நெருக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

சேமநிதிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் சேமநிதியில் இருக்கும்வரை கடன் கொடுத்தவர் அதைத் தொட முடியாது. வக்கீல் ஃபீசுக்கோ கடனுக்கோ அதை எடுப்பதற்கு முன்னால், எடுப்பது புத்திசாலித்தனமா என்று வக்கீலிடமே கேளுங்கள். அவருக்கே கொடுக்கப் போகிற காசாக இருந்தாலும் நல்லவர் நேர்மையாகச் சொல்வார்.

ஏஜெண்ட்

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருப்பார்கள், இப்போது டிக்டாக்கிலும் வருகிறார்கள்: "பிளாக்லிஸ்ட் கிளியர், திவால் நீக்கம், கேரண்டி." சித்தப்பா வங்கி வக்கீலுக்கு அப்புறம் இவர்களில் ஒருவரிடம்தான் போனார். ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு. அந்த ஆள் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, திவால் விவகாரங்களைக் கவனிக்கிற அரசாங்க இன்சொல்வென்சி இலாகாவில் தனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி, 2,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். ரசீதில் கம்பெனி பெயர் இல்லை, ரப்பர் ஸ்டாம்பில் ஒரு கழுகுப் படம் மட்டும் இருந்தது. போன் இரண்டு வாரம் எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. தே தாரிக் காசை விட்டுப் பார்த்தால் நஷ்டம் 1,998 வெள்ளி என்று சித்தப்பா இப்போது சிரித்துக்கொண்டே சொல்வார், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

உத்தரவு ஆகிவிட்டால்

பழனிக்குப் போகக் கிளம்பி, விமான நிலையத்தில் தடுத்த பிறகுதான் தெரிந்தது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் இன்சொல்வென்சி இலாகாவின் இணைய வழியிலோ கவுண்டரிலோ ஒரு சின்னக் கட்டணம் கட்டி, ஐசி நம்பரை வைத்து உங்கள் நிலையைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்.

திவால் ஆனபின் பல வேலைகளுக்கு வக்கீலே தேவையில்லை, இதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். ஈப்போவில் இருக்கும் இன்சொல்வென்சி இலாகா கிளைக்குப் போய் சொத்து, கடன், வருமான விவரத்தை எழுதிய "பெர்ஞத்தாஆன் ஹால் ஏவால்" என்ற பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். உத்தரவு கிடைத்த 21 நாட்களுக்குள். இதை நீங்களே நிரப்பலாம், அதிகாரிகள் விளக்குவார்கள். இந்தத் தேதிதான் முக்கியம், ஏனென்றால் 3 வருஷத்தில் தானாக விடுதலை ஆகிற ஏற்பாடு இந்தப் பத்திரத்தைக் கொடுத்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும், உத்தரவு நாளிலிருந்து இல்லை. ஐந்து வருஷமாகக் கொடுக்காமல் ஒளிந்திருந்தவருக்குக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. கொடுத்த பிறகும் இலாகா கேட்கும் வருமானக் கணக்கை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், வெளிநாடு போக அனுமதி கேட்க வேண்டும், கம்பெனி டைரக்டராக இருக்கக் கூடாது. கடன் கொடுத்தவர் அந்த விடுதலையைக் கோர்ட்டில் எதிர்க்கலாம், அப்படி எதிர்த்தால் அப்போது வக்கீல் தேவைப்படும்.

இலாகாவே சான்றிதழ் கொடுத்து விடுவிக்கும் வழியும் உண்டு. மேலே சொன்ன வகைக் கேரண்டர்கள், பதிவு செய்த மாற்றுத்திறனாளிகள், அரசாங்க டாக்டர் சான்று கொடுத்த கடும் நோயாளிகள் ஆகியோரை அப்படி விடுவிக்கும்போது கடன் கொடுத்தவர் மறுக்க முடியாது. 2023-இல் வந்த திருத்தத்தில் மனநோய் உள்ளவர்களையும், சம்பாதித்துக் கட்ட முடியாத 70 வயது தாண்டியவர்களையும் சேர்த்துவிட்டார்கள். நம் தோட்டத்துத் தாத்தாக்கள் எத்தனை பேர் இந்தக் கணக்கில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு விண்ணப்பிக்க யாராவது 5,000 வெள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள், மகளைக் கூட்டிக்கொண்டு இலாகாவுக்கே போங்கள்.

வக்கீல் வேண்டியது, உத்தரவே தப்பாகப் போடப்பட்டது என்று ரத்து செய்யச் சொல்லும்போதும், கோர்ட்டில் விடுதலை கேட்கும்போதும். இப்போது உங்கள் சொத்தெல்லாம் இலாகாவின் பொறுப்பில் இருப்பதால், ஃபீஸ் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். பெரும்பாலும் பிள்ளைகளோ தம்பி தங்கையோ கட்டுவார்கள். யார் கட்டுகிறார்கள் என்பதை வக்கீலிடம் முன்பே சொல்லி, ரசீதில் அந்தப் பெயரையே போடச் சொல்லுங்கள்.

சித்தப்பாவின் வழக்கு உத்தரவு வரை போகவில்லை. வக்கீல் வங்கியோடு பேசி, தவணை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, மனுவைத் திரும்பப் பெற வைத்தார். இன்னும் இரண்டு வருஷத் தவணை இருக்கிறது. வழக்கு முடிந்ததும் வக்கீலிடமிருந்து வாங்கி வைக்க வேண்டியவை: கோர்ட் முத்திரை போட்ட உத்தரவின் நகல், வங்கியின் ஒப்பந்தக் கடிதம், கடைசி பில், எல்லா ரசீதும். பின்னால் வங்கியிலோ, கடன் விவரம் திரட்டி வைக்கும் சீதோஸ் கம்பெனியிலோ பழைய பெயர் நின்றுவிட்டால் இவற்றைத்தான் கேட்பார்கள். மூன்று செட் நகல் எடுங்கள், ஒன்றை வீட்டில் இல்லாமல் அக்கா வீட்டில் வையுங்கள். கருப்பு வெள்ளையே போதும், கலர் எடுத்தால் பக்கத்துக்கு ஒரு வெள்ளி.